பொருண்மையியல் வகுப்புக்கு எந்த மென்பொருள்?

வாக்கியத்தின் பொருளைத் தர்க்கச் சூத்திரமாக எழுதப் பழக்கும் வகுப்புகளில் மூன்று பெயர்கள் அடிபடுகின்றன: டார்ஸ்கிஸ் வேர்ல்ட், லாம்டா கால்குலேட்டர், என்எல்டிகே. வசதிகளைப் பட்டியல் போடுவதில் பயனில்லை. மாணவர் தவறு செய்யும்போது ஒவ்வொன்றும் என்ன செய்கிறது என்று பார்த்தாலே தரம் தெரிந்துவிடும்.

டார்ஸ்கிஸ் வேர்ல்டை உருவாக்கியவர்கள் ஸ்டான்ஃபோர்டின் ஜான் பார்வைஸும் ஜான் எச்செமெண்டியும். 8-க்கு 8 கட்டம் போட்ட பலகை. அதில் கனசதுரம், நான்முகி, பன்னிருமுகி. 'ஏதோ ஒரு கனசதுரம் சிறியது' என்பதை எழுதும்போது 'மற்றும்' என்னும் இணைப்புக் குறிக்குப் பதிலாக 'எனில்' அம்புக்குறியைப் போட்டுவிடுவது புதியவர்கள் எல்லோரும் விழும் பள்ளம். பலகையில் பெரிய நான்முகி ஒன்றை மட்டும் வைத்து அந்தச் சூத்திரத்தைச் சோதித்தால் 'உண்மை' என்று வரும். கனசதுரமே இல்லையே! பொய்தான் என்று மாணவர் அடம்பிடித்தால் விளையாட்டுப் பொத்தானை அழுத்தலாம். கணினி எதிராளியாக வந்து அந்த நான்முகியையே நீட்டி, 'இது கனசதுரம் எனில் சிறியது' என்பதைப் பொய்யென்று காட்டச் சொல்லும். காட்ட முடியாது: 'எனில்' கூற்றின் முன்பகுதி பொய்யானால் தர்க்கத்தில் முழுக் கூற்றும் உண்மையே. ஆனால் சொற்களின் பொருள் சேர்ந்து வாக்கியப் பொருள் ஆவது எப்படி என்பது இந்த மென்பொருளின் கவலை அல்ல. காசு கொடுத்தும் வாங்க வேண்டும்.

அந்தக் கவலைக்கென்றே பிறந்தது லாம்டா கால்குலேட்டர். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஷாம்போலியோன், டாபரர், ரொமேரோ ஆகியோர் உருவாக்கி 2007-இல் அறிமுகப்படுத்தியது, இலவசம். வாக்கிய மரத்தின் (வாக்கிய அமைப்பைக் கிளைகளாகக் காட்டும் படம்) கணுக்களுக்கு மாணவரே வகையும் (ஆளைக் குறிப்பதா, உண்மை-பொய்யைக் குறிப்பதா என்பது போல) பொருளும் எழுதிக்கொண்டு மேலே ஏற வேண்டும். 'நேசி' என்பதன் கோவையில், அதாவது அதன் பொருளைக் காட்டும் சூத்திரத்தில், அ, ஆ என்று இரு மாறிகள் (நேசிப்பவர், நேசிக்கப்படுபவர் வரும் இடங்கள்) இருப்பதாகக் கொள்வோம். அ-வின் இடத்தில் வெளியிலிருந்து வரும் வேறோர் ஆ-வை அப்படியே செருகினால், உள்ளே உள்ள லாம்டா (மாறியைக் கட்டிவைக்கும் குறி) அதைப் பிடித்துக்கொள்ளும். 'பிறரை நேசிப்பவர்' 'தன்னையே நேசிப்பவர்' ஆகிவிடுவார். மென்பொருள் அதை ஏற்காது. பிழையைச் சுட்டி, முதலில் மாறியின் பெயரை மாற்ற வைக்கும். முடிவில் கிடைத்த சூத்திரம் உண்மையா பொய்யா என்று பார்க்க மட்டும் இங்கே பலகை கிடையாது.

என்எல்டிகேயும் அதே பல்கலைக்கழகத்தில் 2001-இல் தொடங்கியதுதான். இந்த பைத்தான் நூலகத்திடம் அதே கோவையைக் கொடுத்தால், மாறியின் பெயரைத் தானே மாற்றிச் சரியான விடையை நீட்டிவிடும். ஆய்வாளருக்கு இது சௌகரியம். மாணவருக்கோ, தான் தவறியிருக்கக்கூடிய படி கண்ணிலேயே படுவதில்லை. இலக்கணம் எழுதி நூற்றுக்கணக்கான வாக்கியங்களை ஓட்டிப் பார்க்க இதற்கு ஈடில்லை என்பது வேறு விஷயம்.

டார்ஸ்கிஸ் வேர்ல்டில் இரண்டு வாரம், பிறகு பருவம் முழுக்க லாம்டா கால்குலேட்டர் என்று வைப்பேன். பைத்தான் தெரிந்தவர்கள் கடைசித் திட்டப்பணிக்கு என்எல்டிகேயை எடுத்துக்கொள்ளட்டும். ஒன்றுக்குத்தான் இடம் என்றால், லாம்டா கால்குலேட்டர்.