'கதவச் சாத்திருவேன்' என்று சொன்னவன் போய்வந்த பயிற்சி: 5க்கு 3

கோவையில் ஒரு தொழிலாளர் சட்ட ஆலோசனை நிறுவனம், மனக்குறையோடு இருக்கும் ஆட்களிடம் என்ன பேசலாம், என்ன பேசக்கூடாது என்று சிறு முதலாளிகளுக்கு ஒருநாள் பயிற்சி நடத்தியது. கட்டணம் 2,500 ரூபாய், மதியச் சாப்பாடு உட்பட (சாப்பாட்டில் குறையே இல்லை). நான் போனதற்குக் காரணம் என் வாய்தான். எங்கள் லேத் பட்டறையில் 26 பேர். போன தீபாவளி போனஸ் பேச்சில் ஒரு பையன் 'யூனியன் வைக்கலாம்னு இருக்கோம்ங்ணா' என்றதும், 'வெச்சுப் பாரு, கதவச் சாத்திருவேன்' என்று சொல்லித் தொலைத்தேன்.

காலை வகுப்பில் சொல்லவே கூடாதவை என்று திரையில் போட்டதில் முதல் வரியே அதுதான், யாரோ போட்டுக்கொடுத்த மாதிரி. சங்கம் வைத்தால் மூடிவிடுவேன், சேர்ந்தால் வேலை போகும் என்று மிரட்டுவது சட்டப்படி நியாயமற்ற தொழிலாளர் நடைமுறை. இது ஓரளவு தெரிந்ததுதான். ஆனால் சங்கம் உருவாகிற நேரம் பார்த்து, அதைக் கலைக்கிற நோக்கத்தோடு சம்பளம் ஏற்றிக் கொடுப்பதும் அதே பட்டியலில் இருக்கிறது என்பது எனக்குப் புதுசு. நான் அடுத்து அதைத்தான் செய்வதாக இருந்தேன். மற்றபடி ஆர்டர் குறைந்திருக்கிறது, இந்த மாதம் ஓவர்டைம் (ஓ.டி.) இல்லை என்று உள்ளதை உள்ளபடி சொல்லலாம், கேட்டால் கணக்கைக் காட்டுவது நல்லது என்றார்கள்.

கடுப்பானது எங்கே என்றால், கையில் கொடுத்த நோட்டு 1947ஆம் வருடத்துத் தொழில் தகராறுச் சட்டத்தை வைத்து எழுதியது. 2025 நவம்பர் 21 முதல் அதற்குப் பதிலாகத் தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு நடைமுறைக்கு வந்தாகிவிட்டது. பழையதில் இப்படி மிரட்டுவதற்கு 6 மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். புதியதில் முதல் தடவைக்குச் சிறை இல்லை, ஆனால் அபராதம் 10,000 முதல் 2 லட்சம் வரை. 20 பேர் இருந்தாலே தொழிலாளர் புகாரை விசாரிக்கிற குறைதீர்க் குழு வேண்டும், அது முன்பு 45 நாளில் முடிக்க வேண்டியதை இப்போது 30 நாளில் முடிக்க வேண்டும். எழுந்து கேட்டேன், 'சாராம்சம் ஒண்ணுதாங்க சார்' என்றார்கள். அபராதம் கட்டப்போகிறவன் நான் அல்லவா?

மதியம் நடித்துக் காட்டும் பயிற்சி. 'உங்கள் உணர்வுகளை மதிக்கிறேன்' என்று சொல்லச் சொன்னார்கள். எங்கள் பட்டறையில் இப்படிப் பேசினால் அண்ணனுக்கு உடம்புக்கு முடியலையோ என்று பயந்துவிடுவார்கள். உருப்படியான விஷயம் டீ இடைவேளையில்தான் கிடைத்தது. ஒரு ஸ்பின்னிங் மில்லிலிருந்து வந்திருந்த அக்கா சொன்னார்: 'வெள்ளிக்கிழமை பதில் சொல்றேன்னு நாள் சொல்லிருவேங்க, பதில் கிடைக்கலைன்னாலும் அன்னைக்குப் போய் நிப்பேன்.'

திரும்பி வந்து அந்தப் பையனைக் கூப்பிட்டு, 'அன்னைக்குச் சொன்னது தப்பு தம்பி, யூனியன் உங்க இஷ்டம்' என்றேன். 'சரிங்ணா, ஓ.டி. கணக்கு எப்பப் பாக்கலாம்?' என்றான். வெள்ளிக்கிழமை என்றேன்.

அடுத்த பேட்ச்சுக்குப் போகிறவர்கள் நோட்டை மாற்றிவிட்டார்களா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். மாற்றியிருந்தால் காலை வகுப்புக்கே காசு தகும், மதியம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம்.