ஏவா கார்ட்னர் அருங்காட்சியகம், ஸ்மித்ஃபீல்டு

அமெரிக்காவின் வட கரோலினாவில், ஸ்மித்ஃபீல்டு என்னும் சிற்றூரில் உள்ள இந்த அருங்காட்சியகம், பழைய ஹாலிவுட் படங்களில் ஈடுபாடு உள்ளவர்கள் தவறவிடக் கூடாத இடம். 1922இல் அருகிலுள்ள கிராப்டவுனில் எளிய வேளாண் குடும்பத்தின் ஏழாவது குழந்தையாகப் பிறந்த ஏவா கார்ட்னர், நியூயார்க்கில் தம் அக்காள் கணவர் எடுத்துத் தம் புகைப்பட ஸ்டுடியோ முகப்பில் வைத்திருந்த புகைப்படத்தின் வழியாக 1941இல் எம்.ஜி.எம். திரைப்பட நிறுவனத்தின் ஒப்பந்த நடிகையான கதையை, அவர் வளர்ந்த மண்ணிலேயே அறிந்துகொள்வது தனி அனுபவம்.

சிறுவனாக இருந்தபோது ஏவாவிடம் கன்னத்தில் முத்தம் பெற்ற டாம் பேங்க்ஸ் என்பவர் பல பத்தாண்டுகளாகச் சேகரித்தவையே இதன் அடித்தளம். ரசிகப் பற்று இத்தனை முறையாக ஆவணமாவது அபூர்வம். உடைகளும் சுவரொட்டிகளும் கண்ணைக் கவர்ந்தாலும், என்னை நெடுநேரம் நிறுத்தியவை டச்சு ஓவியர் பெர்ட் ஃபைஃபர் தீட்டிய ஏவாவின் உருவப்படங்கள்தான்.

நடிகர் மிக்கி ரூனி, இசைக்கலைஞர் ஆர்ட்டி ஷா, பாடகர் ஃபிராங்க் சினாட்ரா ஆகியோருடனான அவருடைய மூன்று திருமணங்களைப் பற்றிப் பேசாதவர் இல்லை. அவற்றைவிட, ஐந்தாண்டுகள் சிறு வேடங்களில் காத்திருந்து 1946இல் 'த கில்லர்ஸ்' படத்தின் வழியாகக் கவனம் பெற்ற உழைப்பே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. ஆஸ்கர் பரிந்துரை பெற்றுத்தந்த 'மொகாம்போ' படத்தை முன்கூட்டியே பார்த்துவிட்டுச் செல்வது நல்லது.