20,000 எம்ஏஎச் பவர் பேங்க்: சார்ஜில் குறையில்லை, அச்சில்தான் குறை

சென்னையிலிருந்து துபாய் செல்வதற்காக ஆறு மாதங்களுக்கு முன் வாங்கிய 20,000 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர் மணி) பவர் பேங்க் என் கைப்பேசிக்கு மூன்று முறை முழுமையாகச் சார்ஜ் ஏற்றுகிறது. தொட முடியாத அளவுக்குச் சூடாவதுமில்லை. ஆயினும், அடிக்கடி விமானத்தில் செல்வோருக்கு இதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை.

காரணம், அதன் அடிப்பக்கத்தில் உள்ள அச்சு. கொள்ளளவைக் குறிக்கும் எழுத்துகள் வெள்ளை மையில், கடுகளவில் அச்சிடப்பட்டிருந்தன. சாவிக்கொத்துடன் ஒரே பையில் கிடந்ததால் மூன்றே மாதங்களில் அவை தேய்ந்து, வாட் மணியைக் காட்டும் '74' என்ற எண்ணில் 7 மட்டுமே எஞ்சியது. விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையில் அதை விளக்கொளியில் திருப்பித் திருப்பிப் பார்த்த அலுவலர், நான் கைப்பேசியில் வைத்திருந்த ரசீதின் படத்தைக் காட்டிய பிறகே அனுமதித்தார். அவர் செய்தது முற்றிலும் சரி.

விமான விதிகள் எம்ஏஎச் கணக்கைப் பார்ப்பதில்லை. மின்கலம் சேமிக்கும் ஆற்றலின் அளவான வாட் மணியையே பார்க்கின்றன. 20,000 எம்ஏஎச்சை மின்கலத்தின் 3.7 வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 74 வாட் மணி கிடைக்கும். பொதுவாக 100 வரை தனி அனுமதி வேண்டியதில்லை. 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். அதற்கு மேல் அனுமதியே இல்லை. 30,000 எம்ஏஎச் என்றால் 111 வாட் மணி ஆகிவிடும் என்பதைப் பெரியதாக வாங்க நினைப்பவர்கள் கவனிக்க வேண்டும். எதுவானாலும் கைப்பையில்தான் கொண்டுசெல்ல வேண்டும், செக்-இன் பெட்டியில் வைக்கக் கூடாது.

எமிரேட்ஸ் நிறுவனம் 2025 அக்டோபர் 1 முதல் இன்னும் கண்டிப்பாக இருக்கிறது: ஒருவருக்கு 100 வாட் மணிக்குட்பட்ட ஒன்று மட்டுமே, கொள்ளளவு தெரிய வேண்டும், பயணத்தின்போது பயன்படுத்தவோ சார்ஜ் ஏற்றவோ கூடாது, தலைக்கு மேலுள்ள அறையில் வைக்காமல் இருக்கைப் பையிலோ முன்னிருக்கையின் அடியிலோ வைக்க வேண்டும். 2025 ஜனவரியில் தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் ஏர் பூசான் விமானம் எரிந்தபோது, தீ தலைக்கு மேலுள்ள அறையில்தான் தொடங்கியது என்பதை நினைத்தால், இந்தக் கண்டிப்பு எனக்கு மிகையாகத் தோன்றவில்லை. கைக்கெட்டும் இடத்தில் இருந்தால்தான் புகை வந்த உடனே தெரியும்.

இதன் பொத்தானுக்கு மூடியில்லை என்பதால் பையில் அழுந்தித் தானாக இயங்கிவிடுவது இன்னொரு குறை. வீட்டு உபயோகத்துக்கு ஐந்துக்கு நான்கு மதிப்பெண் கொடுப்பேன். விமானப் பயணத்துக்கு இரண்டுதான். அடுத்து வாங்கும்போது, வாட் மணி எண் பிளாஸ்டிக்கிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்த்தே வாங்குவேன்.