சமையல் குறிப்பு எழுத நான் பயன்படுத்தும் கருவிகள்: சில வருட அனுபவம்

திருநெல்வேலிப் பக்கத்து வீட்டுச் சமையலைப் படம் பிடித்து எழுதி வருகிறேன். சொதி, கூட்டாஞ்சோறு, உளுந்தஞ்சோறு, புளிமிளகாய் என்று பெரியவர்களின் கைப்பக்குவத்தில் மட்டும் இருக்கிறவற்றை, இன்னொருவர் தன் வீட்டில் செய்தாலும் அதே ருசி வருகிற மாதிரி எழுதி வைக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். என்ன கேமரா, என்ன ஆப் என்று பலர் கேட்கிறார்கள். அதையும் சொல்கிறேன். ஆனால் முதலில் தராசு. இத்தனை நாளில் அதிகம் உழைத்ததும் அதிகம் பலன் தந்ததும் அதுதான்.

என்னிடம் இரண்டு இருக்கின்றன. ஒன்று 5 கிலோ வரை தாங்கும், ஒரு கிராம் துல்லியம் உள்ள சாதாரணச் சமையலறைத் தராசு. இன்னொன்று 0.1 கிராம் வரை காட்டும் கையடக்கத் தராசு. பெருங்காயம், வெந்தயம், சுக்குப் பொடி போன்றவற்றுக்கு இரண்டாவது இல்லாமல் முடியாது. அரை கிராம் பெருங்காயத்தைப் பெரிய தராசு கண்டுகொள்ளாது. அதோடு, சிட்டிகை சிட்டிகையாகத் தூவினால் பல தராசுகள் அந்தச் சின்ன மாற்றத்தைத் தள்ளிவிட்டுப் பூஜ்யத்திலேயே நிற்கும். அதனால் தனியாக ஒரு காகிதத்தில் கொட்டி, மொத்தமாக ஒரே தடவையில் வைத்துப் பார்க்க வேண்டும்.

பெரியவர்கள் சமைக்கும்போது எடை எடுப்பதற்கு ஒரு தனி முறை வைத்திருக்கிறேன். "ஆச்சி, கொஞ்சம் பொறுங்க, அளந்துக்கிறேன்" என்று நடுவில் நிறுத்தினால் அவர்கள் கை யோசிக்க ஆரம்பித்துவிடும். வழக்கமாகப் போடுகிற அளவு வராது. அதனால் அவர்கள் கையை நான் அளப்பதே இல்லை. சமையல் தொடங்கும் முன் உப்பு ஜாடி, எண்ணெய்த் தூக்கு, அஞ்சறைப் பெட்டியின் ஒவ்வொரு கிண்ணம், புளி உருண்டை வைத்த டப்பா எல்லாவற்றையும் எடை போட்டுவிடுவேன். முடிந்த பிறகு மறுபடியும் போடுவேன். குறைந்திருப்பதுதான் அவர்கள் போட்ட அளவு. தேங்காய்ப்பாலை மட்டும் முதல் பால், இரண்டாம் பால் என்று மில்லி கணக்கில் தனியாகக் குறித்துக்கொள்வேன். தராசு இரண்டு நிமிடத்தில் தானாக அணைந்துபோகும் தொல்லையும் இந்த முறையில் கிடையாது.

ஒவ்வொரு எடையையும் எழுதுவதில்லை. தராசின் திரையை போனில் ஒரு படம் எடுத்துவிடுகிறேன். படத்தோடு நேரமும் பதிவாகிவிடும் என்பது பெரிய வசதி. வெங்காயம் சட்டியில் விழுந்தபோது ஒரு படம், நிறம் மாறியபோது ஒரு படம், பருப்பு சேர்த்தபோது ஒன்று என்று எடுத்துக்கொண்டே போனால், ராத்திரி உட்கார்ந்து பார்க்கும்போது எந்தப் படிக்கு எத்தனை நிமிடம் ஆனது என்பது கையில் இருக்கும். "பொன்னிறமாக வரும்வரை" என்று மட்டும் எழுதினால் புதிதாகச் சமைப்பவருக்கு ஒன்றும் புரியாது. "மிதமான தீயில் 12 நிமிடம், ஓரம் மட்டும் சிவக்கும்" என்றால் புரியும்.

வாய்க்குறிப்புக்கு கூகுள் கீப். குரலைப் பதிவு செய்தால் எழுத்தாகவும் மாற்றித் தரும், ஒலியையும் வைத்துக்கொள்ளும். கூகுளின் குரல் உள்ளீட்டில் தமிழ் வந்தது 2017இல். அதற்குப் பிறகு மாவுக் கையோடு போனைத் தொட வேண்டிய அவசியமே குறைந்துபோனது. வட்டாரச் சொற்கள் சில மாறி விழும், அதனால் ஒலியை நான் அழிப்பதில்லை. மிக்ஸி ஓடும்போது பேசிப் பயனில்லை, நிறுத்திவிட்டுப் பேசுங்கள்.

அடுத்து திட்டமிடல். இதற்கென்று அழகழகான ஆப்கள் எத்தனையோ இருக்கின்றன, சிலவற்றைக் கொஞ்ச நாள் ஓட்டியும் பார்த்தேன். கடைசியில் நிலைத்தவை இரண்டு: சுவரில் தொங்கும் தினசரி காலண்டர், அப்புறம் ஒரு கூகுள் ஷீட். நம் சமையல் தமிழ் மாதத்தில் ஓடுகிறது. ஆடிக்குக் கூழ், ஆடி 18க்குக் கலந்த சாதம், ஆவணியில் கொழுக்கட்டை, நவராத்திரிக்குச் சுண்டல், கார்த்திகைக்குப் பொரி உருண்டை. புரட்டாசியில் பல வீடுகளில் கவிச்சி கிடையாது. கார்த்திகையில் மாலை போட்டவர்கள் வீட்டிலும் அப்படித்தான். அந்த நேரத்தில் கருவாட்டுக் குழம்பை எழுதி வெளியிட்டால் படிக்க ஆளிருக்காது. ரமலான் ஆண்டுக்குப் பத்து பதினோரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே இருக்கும், எனவே நோன்புக் கஞ்சியை ஒவ்வொரு வருடமும் புதிதாகத் தேதி பார்த்துத்தான் வைக்க வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பொருள் கிடைக்கும் காலமும் குறிப்பு தேவைப்படும் காலமும் ஒன்றாகவே வந்துவிடும். மாவடு கடைக்கு வருகிற அன்று வாங்கி, ஊறப்போட்டு, படம் எடுத்து, எழுதி முடிப்பதற்குள் மாவடு சீசனே போய்விடும். பச்சை மொச்சை, பனங்கிழங்கு, நுங்கு எல்லாவற்றுக்கும் இதே கதைதான். ஆகவே இப்போது ஒரு வருடம் முன்னால் வேலை செய்கிறேன். இந்த வருடம் எடுத்த மாவடுப் படம் அடுத்த மாசியில் வெளியாகும். ஜாடியில் வடு சுருங்கி நிறம் மாறுவதை வாரவாரம் படம் எடுக்கவும், மாதங்கள் கழித்து எப்படி இருக்கிறது என்று எழுதவும் முடிவது கூடுதல் நன்மை. பண்டிகைக் குறிப்புகளைக் குறைந்தது ஒரு மாதம் முன்பே வெளியிட்டுவிடுகிறேன். தேடுபொறியில் ஏற நேரம் வேண்டும், வாங்கிச் சேர்க்க வாசகருக்கும் நேரம் வேண்டும்.

ஷீட்டில் பத்தி தலைப்புகள் குறைவுதான்: பண்டம், சொல்லித் தந்தவர், மாதம், எடை எடுத்தாச்சா, படம் எடுத்தாச்சா, மறுசமையல், வெளியீடு. இதில் மறுசமையல்தான் முக்கியம். நான் எழுதிய குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு, அந்தப் பண்டத்தைப் பார்த்திராத ஒருவர் சமைத்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் என் தம்பி மனைவிதான் செய்து பார்த்துச் சொல்வாள். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் எவ்வளவு நல்ல படம் இருந்தாலும் வெளியிடுவதில்லை.

சரி, கேமரா. 2019இல் வந்த கேனான் இஓஎஸ் 200டி மார்க் 2. 24 மெகாபிக்சல், மெமரி கார்டு, பேட்டரியோடு அரைக் கிலோவுக்கும் குறைவு. உணவுப் படத்துக்கு இதில் மிகவும் பிடித்தது வெளியே மடக்கித் திருப்பும் தொடுதிரை. தரையில் விரித்த இலையை மேலிருந்து எடுக்கும்போது கழுத்தை நீட்டாமல் பார்த்துக்கொள்ளலாம். போனில் கேனானின் ஆப்பை இணைத்தால் அங்கிருந்தே படம் எடுக்கலாம்.

லென்ஸ் இரண்டு. எல்லாரும் சிபாரிசு செய்யும் 50 மி.மீ. எஃப் 1.8 ஒரு கிண்ணம், ஒரு தட்டு எடுக்க அருமை. ஆனால் இந்த சென்சாரில் 70 செ.மீ. அகலமுள்ள தலைவாழை இலை முழுதாக அடங்க, கேமரா சுமார் 1.6 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். மேஜை மேல் இலை போட்டால் நாற்காலி மேல் ஏறினாலும் எட்டாது. 24 மி.மீ. எஃப் 2.8 லென்ஸில் அதே இலை சுமார் 80 செ.மீ. உயரத்திலேயே அடங்கிவிடும். 125 கிராம் எடைதான். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் நம் சாப்பாட்டுக்கு 24தான் என் பரிந்துரை.

வெளிச்சத்துக்கு நான் எதுவும் வாங்கவில்லை. ஜன்னல், ஒரு வெள்ளை வேட்டி, ஒரு தெர்மாகோல் பலகை, ஒரு கறுப்பு சார்ட் பேப்பர். வடக்கு ஜன்னல் வெளிச்சம் எப்போதும் மென்மையாக இருக்கும் என்று புகைப்படப் பாடங்களில் சொல்வார்கள். அது குளிர்நாடுகளுக்குப் பொருந்தும். திருநெல்வேலியில் சித்திரை தொடங்கி ஆவணி நடு வரை நண்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கே போகிறது, அந்த மாதங்களில் காலையிலும் மாலையிலும் வடக்கு ஜன்னலிலும் வெயில் அடிக்கும். அப்போது வேட்டியைக் குறுக்கே கட்டிவிட வேண்டும். சமையலறை விளக்கை அணைத்துவிடுங்கள். பகல் வெளிச்சத்தோடு மஞ்சள் பல்ப் கலந்தால் சாம்பார் ஒரு பக்கம் ஒரு நிறமும் மறுபக்கம் வேறு நிறமுமாக இருக்கும்.

எவர்சில்வர் பாத்திரத்துப் பளபளப்புக்கு போலரைசர் ஃபில்டர் போடச் சொல்வார்கள். இலை மேலும் எண்ணெய் மேலும் உள்ள மினுமினுப்பைச் சாய்வாக எடுக்கும்போது அது குறைக்கும். உலோகத்தின் பளபளப்பை அநேகமாகக் குறைக்காது, உலோகம் ஒளியைத் திருப்பும் விதம் வேறு. சுற்றிலும் வெள்ளைத் துணி இருந்தால் பாத்திரம் அந்த வெள்ளையைக் காட்டும், அவ்வளவுதான் வழி. இட்லி, சோறு, தேங்காய்ப்பால் எடுக்கும்போது கேமராவின் போக்கிலேயே விட்டால் வெள்ளையைச் சாம்பலாக்கிவிடும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, ஒரு படி கூட்டிக்கொள்ளுங்கள்.

படத் திருத்தத்துக்கு டார்க்டேபிள். இலவசம், வெளிப்படை மூல மென்பொருள். இந்தக் கேமரா பதிவு செய்யும் மூலப்படங்களான சிஆர்3 கோப்புகளைத் திறக்கும் வசதி அதில் 2021 டிசம்பரில் வந்த 3.8 பதிப்பில்தான் சேர்ந்தது, அதுவரை கேனான் தருகிற மென்பொருளிலேயே செய்துகொண்டிருந்தேன். பழகக் கொஞ்சம் நாளாகும். திருத்தங்கள் எல்லாம் படத்தின் பக்கத்திலேயே ஒரு சின்ன எக்ஸ்எம்பி கோப்பில் இருப்பதால் மூலப்படம் கெடாது. மஞ்சள்தூள் போட்ட எதற்கும் நிறச் செறிவைக் கூட்டாதீர்கள், கூட்டினால் மசாலாவின் நுணுக்கமெல்லாம் ஒரே மஞ்சளாக அப்பிக்கொள்ளும்.

தட்டச்சுக்கு இ-கலப்பை என்ற மென்பொருளில் தமிழ்99. தமிழக அரசு 1999இல் ஏற்ற விசைப்பலகை. ஒரே மெய் இரண்டு தடவை வந்தால் முதலாவதுக்குப் புள்ளி தானாக விழும், அதனால் "தக்காளி"க்கு ஆறு தட்டல் போதும். ஆங்கில ஒலிப்படி அடித்தால் எட்டுக்குக் குறையாது. ஒரு மாதம் பொறுமையாகப் பழகினால் கை நோகாமல் நீளமாக எழுதலாம்.

குறிப்புகளை வெளியிடும் என் வலைத்தளம் வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் ஓடுகிறது. தமிழில் எழுதுபவர்கள் கவனிக்க வேண்டியது இணைப்பு முகவரி. ஒவ்வொரு தமிழ்க் குறியும் (எழுத்து, கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனி) முகவரியில் ஒன்பது குறிகளாக விரியும், வேர்ட்பிரஸ் முகவரிக்கு ஒதுக்கியிருப்பது 200 குறி. "திருநெல்வேலி கூட்டாஞ்சோறு" என்ற இரண்டே சொல் அதைத் தாண்டிவிடும், கடைசி எழுத்து வெட்டுப்படும். ஆகவே முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் சுருக்கமாகக் கொடுக்கிறேன். படங்களை 1200 பிக்சல் அகலத்துக்குக் குறைத்து, ஸ்குவூஷ் என்ற இலவசக் கருவியில் கோப்பின் அளவு குறையும் வெப்பி வடிவத்துக்கு மாற்றி ஏற்றுகிறேன். ஊர்ப்பக்கம் நெட் மெதுவாக இருப்பவர்களுக்கு இது பெரிய உதவி. வரி இடைவெளி எழுத்தளவைப்போல் 1.7 மடங்காவது இருக்கட்டும். கொம்பும் சுழியும் ஒன்றை ஒன்று இடிக்காது.

காப்பு நகல் மூன்று: மடிக்கணினியில் ஒன்று, வெளி வன்தட்டில் ஒன்று, மேகச் சேமிப்பில் ஒன்று. ஒரு வன்தட்டு திடீரென்று செத்தபோது மற்ற இரண்டும் இருந்ததால் ஒரு படமும் போகவில்லை. படங்களைவிட ஆச்சிகளின் குரல் பதிவுகளைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். மாவடுவை அடுத்த வருடமும் படம் எடுக்கலாம்.

இந்த வருடம் வீடியோவும் எடுக்க நினைக்கிறேன். இந்தக் கேமராவில் 4கே எடுத்தால் காட்சி குறுகும், வேகமான ஃபோகஸும் வேலை செய்யாது. அதனால் 1080 (ஃபுல் எச்டி) தரத்தில்தான் எடுக்கப் போகிறேன். முதலில் சொதி, தேங்காய்ப்பால் திரியாமல் இறக்குகிற அந்தக் கடைசி இரண்டு நிமிடத்தை எவ்வளவு எழுதியும் வாசகர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.