குப்பை எடுக்கும் குச்சி: வாங்கலாமா, வேண்டாமா?

ஞாயிற்றுக்கிழமை காலையில் சாக்கைத் தூக்கிக்கொண்டு ரோட்டோரம் சுத்தம் பண்ணக் கிளம்பும் ஆட்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன், மற்றவர்களுக்கு இது பெரிதாகப் பயன்படாது. 32 இன்ச் நீளம், அலுமினியக் குழாய், கைப்பிடியில் ஒரு விசை, அதை அழுத்தினால் குழாய்க்குள் ஓடும் ஒயர் இழுபட்டு, கீழே ரப்பர் வைத்த தாடை இரண்டும் மூடும். ஆன்லைனில் 449 ரூபாய்க்கு வாங்கினேன். கம்பெனி பெயர் போட்டுப் பிரயோஜனம் இல்லை, ஒரே சரக்கைத்தான் ஆளாளுக்கு ஒரு பெயர் ஒட்டி விற்கிறார்கள்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். முதுகு தப்பித்தது. கிருஷ்ணகிரியிலிருந்து கே.ஆர்.பி. அணைக்குப் போகும் ரோட்டில் ஒரு சாக்கு நிரம்புவதற்குள் எத்தனை தடவை குனிய வேண்டும் என்று செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். எங்கள் குழுவில் ஒரு பெரியவர், குனிய முடியாது என்று சாக்கு பிடிப்பதோடு நின்றுகொண்டவர், இப்போது குச்சியை வாங்கிக்கொண்டு எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருக்கிறார். அப்புறம், சீமைக்கருவேல முள்ளுக்குள் கையை விட வேண்டியதில்லை, காய்ந்த புல்லுக்குள் தேள் இருக்குமோ பாம்பு இருக்குமோ என்ற பயமும் பாதி குறைந்துவிடுகிறது.

அணைக்கு வருகிறவர்கள் மீன் வறுவல் சாப்பிடாமல் திரும்புவதில்லை, அதில் தப்பில்லை, சாப்பிட்ட தட்டு எங்கே போகிறது என்பதுதான் விஷயம். பேப்பர் தட்டு, பேப்பர் கப், கேரி பேக், தண்ணீர் பாக்கெட் எல்லாவற்றையும் இந்தக் குச்சி அழகாக எடுக்கிறது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை போட்ட 14 பொருட்களில் கேரி பேக், தண்ணீர் பாக்கெட், பிளாஸ்டிக் பூசிய தட்டு, கப் எல்லாமே உண்டு, ஆனாலும் எங்கள் சாக்கில் முக்கால்வாசி இவைதான்.

இனி குறை. பான் மசாலா பாக்கெட், ஷாம்பு பாக்கெட், சிகரெட் துண்டு, இந்த மூன்றும் தாடைக்குச் சிக்குவதே இல்லை. ரப்பர் நுனி கிண்ணம் மாதிரி குழிந்திருப்பதால் தரையோடு ஒட்டிக் கிடக்கும் எதையும் பிடிக்காது, கடைசியில் கையுறை போட்ட கையால்தான் எடுத்தாக வேண்டும். மாம்பழ சீசனில் இன்னும் மோசம். சப்பிப் போட்ட மாங்கொட்டையைப் பிடித்தால் வழுக்கிக்கொண்டு எதிரில் நிற்பவர் மேல் போய் விழுகிறது. (சரி, மாங்கொட்டை மக்கிவிடும், அதை அங்கேயே விட்டுவிடலாம். ஆனால் அதோடு சேர்த்துக் கட்டிப்போட்ட கவரை என்ன செய்வது?) குவார்ட்டர் பாட்டிலைக் கழுத்தில் பிடித்தால் வரும், நடுவில் பிடித்தால் நழுவும். உடைந்த கண்ணாடிக்கு இதை நம்பவே நம்பாதீர்கள், முறமும் விளக்குமாறும் கொண்டு போங்கள். காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் தரும் திட்டத்தை 2022இல் நீலகிரியில் தொடங்கினார்கள். காசு வரும் என்று தெரிந்தால் பாட்டிலை ரோட்டோரம் எறிய யாருக்கு மனசு வரும்? எங்கள் வேலையை மிச்சப்படுத்துவதில் எந்தக் குச்சியும் அதற்கு ஈடாகாது.

அடுத்தது ஒயர். மூன்று மாதம் கூட ஆகவில்லை, விசைக்குப் பக்கத்திலேயே அறுந்துவிட்டது. விற்றவர்களிடம் கேட்டால் அதற்கெல்லாம் வாரண்டி கிடையாதாம். சைக்கிள் கடையில் கொடுத்தேன், பிரேக் ஒயரைப் போட்டு முடுக்கிக் கொடுத்தார்கள், முதலில் வந்ததைவிட இப்போது பிடி இறுக்கமாக இருக்கிறது! கம்பெனிக்காரனுக்கே இது தோன்றியிருக்க வேண்டும்.

வெல்டிங் பட்டறையில் மூன்றடிக் கம்பியின் நுனியில் ஆணி வைத்துத் தரச் சொன்னால் நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். சேற்றில் புதைந்த கவரைக் குத்தி இழுக்க அதுதான் சரி. ஆனால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரும் அன்றைக்கு அதை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

இன்னொன்று. காற்றில் பறந்து செடியில் மாட்டிக்கொண்ட கவரை எடுக்க இந்தக் குச்சி ரொம்ப வசதி. அதற்காக பைபாஸ் நடுவில் இருக்கும் அரளிச் செடிப் பக்கம் போய்விடாதீர்கள். ஆடு மாடு கடிக்காது, தண்ணீர் குறைந்தாலும் தாங்கும் என்றுதான் அங்கே அரளி வைக்கிறார்கள், பூத்தால் கண்ணுக்கு அழகுதான், நடுவில் சிக்கிய குப்பையைப் பார்த்தால் கை துறுதுறு என்கிறதுதான். ஆனால் லாரி வருகிற வேகத்துக்கு முன்னால் தன்னார்வம் எல்லாம் செல்லாது, சுங்கச்சாவடியில் காசு வாங்குகிறவர்கள் ஆள் வைத்துச் செய்ய வேண்டிய வேலை அது.

ஐந்துக்கு மூன்று கொடுக்கலாம். குழுவுக்கு வாங்குவதாக இருந்தால் ஆளுக்கொன்று தேவையில்லை, இரண்டு பேருக்கு ஒன்று போதும், ஒருவர் எடுக்க ஒருவர் சாக்கு பிடிக்கலாம். அடி வெட்டிய பெயிண்ட் வாளியைச் சாக்கின் வாய்க்குள் செருகிவிட்டால் வாய் மூடாமல் நிற்கும், சாக்கு பிடிக்கிறவருக்கும் ஒரு கை மிச்சம். மிச்சமாகிற காசில் நல்ல கையுறை வாங்குங்கள். நிரம்பிய சாக்குகளை எடுத்துப் போக வண்டி வருமா என்று பஞ்சாயத்தில் முதல் நாளே கேட்டு வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் திங்கட்கிழமைக்குள் நாய்கள் அத்தனையையும் பிரித்துப் போட்டுவிடும்.