ரூட்டர் நல்ல ரூட்டர்தான், புத்திதான் கொஞ்சம் அதிகம்

களியக்காவிளையில் வைஃபை படம் பார்க்க மட்டும் இல்லை. அந்தப் பக்கம் நாலு எட்டு வைத்தால் பாறசாலை. வீட்டுக்குள் போன் கொஞ்ச நேரம் கேரள டவரைப் பிடிக்கும், கொஞ்ச நேரம் தமிழ்நாட்டு டவரைப் பிடிக்கும், இரண்டிலும் உருப்படியாக ரேஞ்ச் நிற்காது. அதனால் டவருக்குப் பதில் வைஃபை வழியாகவே போன் பேசும் வைஃபை காலிங்கை நம்பித்தான் எங்கள் பேச்சு. வைஃபை அறுந்தால் மறுமுனையில் இருப்பவர் "ஹலோ, ஹலோ" என்று கத்திக்கொண்டிருப்பார்.

இந்த ரூட்டரைக் குறை சொல்லுமுன் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். எங்களுடையது பழைய வெட்டுக்கல் வீடு, சுவர் ஒவ்வொன்றும் கோட்டைச் சுவர் மாதிரி. முன்னறையில் இருக்கும் ரூட்டரின் 2.4 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் அடுக்களை தாண்டி, கிணற்றடி வரை வருகிறது. முந்தைய ரூட்டருக்கு அடுக்களை வாசலிலேயே மூச்சு முட்டும்.

பிறகு என்ன வியாதி? ஸ்மார்ட் கனெக்ட். ரூட்டர் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசையில் வைஃபை விடும். இந்த வசதி இரண்டுக்கும் சேர்த்து ஒரே பெயர் வைத்துவிட்டு, நமக்கு எது வேண்டும் என்பதை அதுவே தீர்மானிக்குமாம். 5 வேகமானது, ஆனால் வெட்டுக்கல்லைத் தாண்டத் திராணி இல்லாதது. பேசிக்கொண்டே அடுக்களைக்குப் போனால் ரூட்டர் நம்மை 5-இலிருந்து 2.4-க்குத் தள்ளும். அந்தத் தள்ளலில் அழைப்பு செத்துப்போகும்.

முதலில் பழி விழுந்தது லைன் மேல். வந்த பையன் ஃபைபரில் மீட்டர் வைத்து ஒளியின் பலத்தைப் பார்த்தான், மைனஸ் 20 டிபிஎம், அது நல்ல அளவுதான். "லைன் கிளியர் சார்" என்று போய்விட்டான், அவன் சொன்னது சரிதான். சந்தேகம் உள்ளவர்கள் லேப்டாப்பில் 192.168.1.1-க்கு, அதாவது உங்கள் ரூட்டரின் முகவரிக்கு, பிங் விட்டு, அதாவது பதில் வருகிறதா என்று தட்டிப் பாருங்கள். வைஃபையில் அந்தப் பதிலே விட்டு விட்டு வந்து, கேபிள் செருகினால் சீராக வந்தால், கோளாறு வீட்டுக்குள்ளேதான். கம்பெனிக்காரனைத் திட்டிப் பயனில்லை.

மருந்து எளிது. ஸ்மார்ட் கனெக்டை அணைத்து, இரண்டுக்கும் வேறு வேறு பெயர் வைக்க வேண்டும். ஒவ்வொரு அலைவரிசைக்குள்ளும் சேனல் என்று தனித்தனித் தடங்கள் உண்டு. 2.4-க்குச் சேனல் 1, 6, 11-இல் அக்கம்பக்கத்து ரூட்டர்கள் குறைவாக இருப்பது, அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். 5-க்கு 36 முதல் 48-க்குள் ஒன்று. 52-இலிருந்து 144 வரை ரேடாரோடு பங்கு போடும் சேனல்கள். ரேடார் தட்டுப்பட்டால் ரூட்டர் இடத்தைக் காலி செய்ய நேரலாம். போனில் 2.4-இன் பெயரை மட்டும் சேமித்தேன். அழைப்பு அறுவது நின்றது.

நின்றது என்றா சொன்னேன்? ரூட்டருக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேர் ஒவ்வொரு முறை அப்டேட் ஆன பிறகும் இந்தச் சனியன் இரண்டு பெயரையும் மறுபடி ஒன்றாக்கிவிடுகிறது! தானாக அப்டேட் ஆவதை நிறுத்தலாம். நிறுத்தினால் பாதுகாப்பு ஓட்டைகள் திறந்தே கிடக்கும். நேற்று ராத்திரியும் அதே கூத்து, மதினி அபுதாபிக்குப் பேசிக்கொண்டிருக்கும்போது.

சித்தப்பா மகன் கேட்கிறான், "விலை குறைஞ்சிருக்குண்ணே, வாங்கட்டுமா?" இதைவிடத் தூரம் எட்டும் ரூட்டரை இந்த விலையில் நான் பார்த்ததில்லை. ஆனாலும் வாங்காதே தம்பி. வாங்கியே தீருவேன் என்றால் கூடவே ஒரு 12 வோல்ட் மினி யுபிஎஸ்ஸும் வாங்கிக்கொள். கரண்ட் போய் இன்வெர்ட்டர் மாறும் அந்த இமைப்பொழுதையும் இது தாங்காது.