கடைமடை ஊராட்சியில் முன்னாள் இராணுவ அதிகாரியின் ஐந்தாண்டு நிர்வாகம்: ஒரு பயனாளியின் மதிப்புரை

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, வெண்ணாற்றுப் பாசனத்தின் கடைமடையில் இருக்கிறது எங்கள் ஊராட்சி. 2019 டிசம்பரில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலில், இராணுவத்தில் சுபேதார் என்ற இளநிலை அதிகாரியாகப் பணியாற்றி, ஆனரரி கேப்டன் என்ற கௌரவத் தகுதியுடன் ஓய்வுபெற்று ஊர் திரும்பிய ஒருவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தோம். 2020 ஜனவரி தொடங்கி 2025 ஜனவரி வரை, வீட்டு வரி கட்டி, தெருக்குழாய்த் தண்ணீர் குடித்து, அந்த நிர்வாகத்தை அன்றாடம் அனுபவித்தவன் நான். இராணுவ அதிகாரிகள் தேர்தலில் நின்று பதவிக்கு வரலாமா என்ற கேள்விக்கு என்னிடம் இருக்கும் விடை அந்த அனுபவத்திலிருந்து வந்ததுதான்.

முதலில் தண்ணீர். கடல் பக்கம் என்பதால் எங்கள் நிலத்தடி நீர் உவர்ப்பு. கொள்ளிடம் கூட்டுக் குடிநீர்தான் குடிப்பதற்கு ஆகும். அந்தத் தண்ணீர் மேல்நிலைத் தொட்டிக்கு எப்போது ஏறும், எப்போது திறந்துவிடப்படும் என்பது அதுவரை டேங்க் ஆபரேட்டரின் மனம்போல நடந்து வந்தது. புதிய தலைவர் பதவியேற்ற வாரமே மோட்டார் அறைச் சுவரில் ஓர் ஆணி அடித்து, சணல் கயிற்றில் ஒரு நோட்டுப் புத்தகத்தைத் தொங்கவிட்டார். மோட்டார் போட்ட நேரம், நிறுத்திய நேரம், தொட்டி கழுவிய தேதி, கலந்த பிளீச்சிங் பவுடரின் அளவு, ஆபரேட்டரின் கையெழுத்து என ஐந்து கட்டங்கள் ஸ்கேல் வைத்துக் கோடு போடப்பட்டிருந்தன. யார் வேண்டுமானாலும் உள்ளே போய்ப் புரட்டிப் பார்க்கலாம். பட்டாளத்தில் ஒரு தார்ப்பாய்க்குக்கூடக் கணக்குப் புத்தகம் உண்டு என்றும், எழுதாத பொருள் காணாமல் போகும் என்றும் அவர் சொன்னார். ஒரு மாதத்தில் காலை ஏழு மணிக்குத் தண்ணீர் என்பது ஊரில் கடிகாரம் போல ஆகிவிட்டது. தெருவிளக்கு எரியவில்லை என்று சொன்னால் இரண்டாம் நாளில் ஆள் வந்துவிடும்.

2020 நவம்பரில் நிவர் புயல், அடுத்த வாரமே புரெவி. 2018இல் கஜா அடித்தபோது இரவு பத்து மணிக்குக் கூரை பறக்கத் தொடங்கிய பிறகே பள்ளிக்கூடத்துக்கு ஓடியவர்கள் நாங்கள். இம்முறை குடிசை வீடுகளின் பட்டியல், ஒவ்வொரு வீட்டிலும் உள்ள முதியவர், கைக்குழந்தை, கர்ப்பிணி ஆகியோரின் கணக்கு எல்லாம் அவரிடம் முன்கூட்டியே தயாராக இருந்ததால், மாலை வெளிச்சம் இருக்கும்போதே அனைவரும் பள்ளியில் இருந்தோம். ஜெனரேட்டருக்கு டீசல், சமையலுக்கு விறகு, மருந்து வாங்க யார் போவது என எதையும் அந்த நேரத்தில் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அந்த இரவுக்காக மட்டுமே அவருக்கு நான் வாழ்நாள் முழுதும் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்.

குறையும் அதே பழக்கத்திலிருந்துதான் வந்தது. அவர் ஒன்றைச் சொன்னால் அது முடிந்துபோன விஷயம். கேள்வி கேட்பவரை ஒழுங்கு மீறியவராகப் பார்த்தார். வார்டு உறுப்பினர்கள் கூட்டத்தில் வாய் திறக்கத் தயங்கினார்கள். காசோலையில் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும் என்ற விதியைத் தொடக்கத்தில் அவர் ஒரு முட்டுக்கட்டையாகவே கருதினார். நூறு நாள் வேலைக்குக் காலை ஏழு மணிக்கு வராதவர்களுக்கு அன்று வருகைப் பதிவு இல்லை என்று உத்தரவிட்டார். என் பக்கத்து வீட்டு அம்மா அப்படி ஒரே மாதத்தில் ஆறு நாள் கூலி இழந்தார்.

2022 மே 1 கிராம சபையில் அந்த அம்மா எழுந்து நின்றார். “ஏழு மணிக்கு வேலைக்கு வரச் சொல்றீங்க. அதே ஏழு மணிக்குத்தான் குழாயில தண்ணி விடுறீங்க. நான் கொடத்த வெச்சிட்டு நிக்கிறதா, மம்பட்டிய தூக்கிட்டு ஓடுறதா தம்பி?” என்று கேட்டார். பந்தலில் சத்தமே இல்லை. தலைவர் ஊராட்சிச் செயலரிடம் நோட்டுப் புத்தகத்தை எடுத்துவரச் சொல்லி, பக்கங்களைப் புரட்டி, நெடுநேரம் பார்த்தார். தாம் போட்ட இரண்டு உத்தரவுகள் ஒன்றையொன்று மோதிக்கொண்டிருந்ததை இரண்டு ஆண்டுகளாக ஒருவரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. சொல்லும் துணிவை அவர் யாருக்கும் தந்திருக்கவில்லை. பிறகு, “தப்பு என்னோடதுதாம்மா” என்றார். தண்ணீர் ஐந்தரை மணிக்கு என்று அங்கேயே தீர்மானம் எழுதப்பட்டது. அதற்குப் பிந்தைய இரண்டரை ஆண்டுகளில் அவர் கூட்டத்தில் கடைசியாகப் பேசுபவராக மாறினார்.

பட்டாளத்தில் முப்பது ஆண்டுகள் கற்காத ஒன்றை ஊராட்சி அவருக்குக் கற்பித்தது என்பதே என் கணிப்பு. அங்கே கீழே இருப்பவர் கேட்க முடியாது. இங்கே கேட்பவருக்கு வாக்கு இருக்கிறது. நம் நாட்டில் பணியில் இருக்கும் படைவீரர் அரசியல் கட்சியில் சேரவோ தேர்தலில் நிற்கவோ முடியாது. ஓய்வுபெற்றபின் அவரும் நம்மைப் போன்ற குடிமகன்தான். மேஜர் ஜெனரலாக இருந்த கண்டூரி இருமுறை உத்தரகாண்ட் முதல்வரானார். 2012இல் வாக்காளர்கள் அவரைக் கோட்துவார் தொகுதியில் தோற்கடித்தார்கள், அவரும் இறங்கிப் போனார். பாகிஸ்தானில் 1958இல் இராணுவத் தளபதி அயூப் கான் ஆட்சிக்கு வந்தது வாக்குப்பெட்டி வழியாக அல்ல. அவரை இறக்கும் வழி வாக்காளர் கையில் இருக்கவில்லை. ஆகவே சீருடை அணிந்திருந்தவர் என்பதற்காக ஒருவரை ஒதுக்குவது நியாயமில்லை. எனக்கு உறுத்துவது வேறு இடம். தரைப்படைத் தலைமைத் தளபதியாக இருந்த வி.கே. சிங் 2012 மே மாதம் ஓய்வுபெற்று, 2014 மே மாதம் காசியாபாத்தின் மக்களவை உறுப்பினரானார். அவ்வளவு உயர்ந்த பொறுப்பிலிருந்து இறங்கியவருக்கு இரண்டு ஆண்டு இடைவெளி போதாது என்று கருதுகிறேன். பதவியில் இருந்தபோது எடுத்த முடிவுகளைப் பின்னர் சேர்ந்த கட்சியோடு சேர்த்துப் பார்க்கும் ஐயம் மக்களுக்கு வரக்கூடாது. அந்த ஐயம் படைக்குத்தான் கேடு.

எங்கள் ஊரில் அத்தகைய சிக்கல் எழவில்லை. ஊராட்சித் தேர்தலில் கட்சிச் சின்னமே கிடையாது. ஆனால் அவருடைய சுவரொட்டியில் பெயரைவிடப் பெரிதாக ‘கேப்டன்’ என்று அச்சிட்டிருந்தார்கள், பக்கத்தில் பதக்கங்கள் அணிந்த படமும் இருந்தது. அது எனக்கு அன்றும் பிடிக்கவில்லை. அந்தப் பதக்கங்கள் நாடு கொடுத்தவை. எதிர்த்து நின்ற மளிகைக் கடைக்காரரும் அந்த நாட்டைச் சேர்ந்தவர்தான்.

இப்போது அவர் பதவிக்காலம் முடிந்து, ஊராட்சி தனி அலுவலர் பொறுப்பில் இருக்கிறது. மறுபடியும் நின்றால் என் வாக்கு அவருக்கே என்று நேரிலேயே சொல்லிவிட்டேன். சுவரொட்டியில் அந்த நோட்டுப் புத்தகத்தின் படத்தைப் போடுங்கள் என்றும் கேட்டுக்கொண்டேன். யோசிக்கிறேன் என்றிருக்கிறார்.